வீட்டுத் தொட்டில கோய் குஞ்சு எடுக்குறது: மொதல்ல தீனி, அப்புறம்தான் மீனு

கோய் கார்ப், அதான் அழகுக்கு வளக்குற கலர் கெண்ட மீனு, முட்ட போடுறதுக்கு நாம பெருசா ஒண்ணும் பண்ண வேண்டாங்க. ஆணும் பெண்ணும் பருவத்துக்கு வந்து, தண்ணி சுத்தமா இருந்து, ஒரு நல்ல மழ பெஞ்சு குளுந்துச்சுன்னா அதுவாவே விடியக்காலைல போட்டுட்டுப் போயிரும். எங்க வீட்டுப் பின்னாடி இருக்குற சிமெண்ட் தொட்டில மொத தடவ அப்படித்தான் ஆச்சு, நான் ஒரு துரும்பக் கூடக் கிள்ளிப் போடல, காலைல பல்லு வெளக்கிட்டே போய்ப் பாக்குறேன், தண்ணி மேல நுரை கட்டி நிக்குது, ஒரு மாதிரி கவிச்சி வாட, அல்லி எலைக்கு அடியில பூரா முட்ட. மூணாம் நாள் குஞ்சு வந்துச்சு, தெருவுல இருக்குறவங்களையெல்லாம் கூப்பிட்டுக் காமிச்சேன். ஒம்பதாம் நாள் ஒண்ணு கூட இல்ல. நோயும் இல்ல, பாம்பும் இல்ல, வெறும் பட்டினி. குஞ்சு வந்ததுக்கு அப்புறம் தீனி தேடி அலைஞ்சா இப்படித்தான் ஆகும்.

அதனால இத தலகீழாத்தான் சொல்லப்போறேன். மொதல்ல குஞ்சுக்கு சாப்பாடு, அப்புறம் தொட்டி, கடைசியாத்தான் ஜோடி சேக்குறது.

ஸ்டெப் 1: பத்து நாளைக்கு முன்னாடியே தீனித் தொட்டி

பொறந்த கோய் குஞ்சு கால் இஞ்ச் கூட இருக்காது, வாய் எவ்ளோ இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. கடைல விக்கிற பவுடர் தீனி அதுக்குப் பாறாங்கல்லு மாதிரி. மொத ரெண்டு மூணு வாரம் உயிரோட நெளியுற தீனி இருந்தாத்தான் பொழைக்கும். மூணு விதமா ரெடி பண்ணலாம், நான் மூணுமே பண்ணுவேன், ஏன்னா ஒண்ணாவது கண்டிப்பா சொதப்பும்.

ஒண்ணு இன்ஃபியூசோரியா. அகலமான ஒரு கண்ணாடி ஜாடில மீன் தொட்டித் தண்ணிய ஊத்தி ரெண்டு வாழப்பழத் தோல போட்டு, வாயில மெல்லிசு துணிய கட்டி, நெழலா வெளிச்சம் வர்ற எடத்துல வெச்சுருங்க. ரெண்டாம் நாள் பால் மாதிரி கலங்கி நாத்தம் அடிக்கும், வீட்ல திட்டு விழும், பொறுத்துக்குங்க. நாலஞ்சு நாள்ல நாத்தம் கொறைஞ்சு தண்ணி லேசான மஞ்சளா தெளியும், அப்பதான் அதுல கண்ணுக்குத் தெரியாத உயிருங்க நெறஞ்சு இருக்குன்னு அர்த்தம்.

ரெண்டாவது மொய்னா, தண்ணில துள்ளித் துள்ளி நீந்துற பொடிப் பூச்சி மாதிரி ஒரு உயிரு. இதத்தான் நான் ரொம்ப நம்புறேன். 500 லிட்டர் தொட்டிய வெயில் படுற எடத்துல வெச்சு, 100 கிராம் கடலப்புண்ணாக்க ராத்திரி ஊறவெச்சு கரைச்சு வடிகட்டி ஊத்துங்க, கூட ஒரு கைப்பிடி சாணி. தண்ணி பச்சையா மாறுனதும், ஏற்கனவே மொய்னா வளக்குறவங்ககிட்ட ஒரு கப்பு வாங்கி ஊத்துனா அஞ்சாறு நாள்ல புள்ளி புள்ளியா கொதிக்கிற மாதிரி பெருகும். குளத்துல இருந்து மொண்டுட்டு வரலாமேன்னு தோணும், வேண்டாம், கூடவே தட்டான் புழு வந்துரும், அத பத்திக் கீழ சொல்றேன்.

மூணாவது ஆர்டீமியா முட்ட, உப்புத் தண்ணில வாழுற குட்டி எறா மாதிரி ஒரு உயிரோட முட்ட. டப்பால விக்கும், வெல கொஞ்சம் அதிகம்தான், ஆனா சொன்ன நேரத்துக்கு பொரியும். 2 லிட்டர் பாட்டிலோட அடிய வெட்டி தலகீழா கட்டி, லிட்டருக்கு 25லேர்ந்து 30 கிராம் கல் உப்பு போட்டு, அடிவரைக்கும் ஏர் டியூப் விட்டு லைட் போட்டு வெச்சா ஒரு நாள்ல ஆரஞ்சு கலர்ல பொரிஞ்சு வரும். ஏர நிறுத்திப் பத்து நிமிஷம் விட்டா வெறும் ஓடெல்லாம் மேல மெதக்கும், கீழ இருக்குற உயிருள்ளத மட்டும் எடுத்து நல்ல தண்ணில அலசிப் போடணும். ஓடு குஞ்சு வயித்துக்குள்ள போனா அடச்சுக்கும்.

ஸ்டெப் 2: தொட்டியும் தண்ணியும்

பெரிய குளத்துலயே முட்ட போடவிட்டா எல்லாத்தயும் அதுங்களே தின்னுரும். தனியா ஒரு தொட்டி வேணும். என்னோடது 8க்கு 4 அடி, தண்ணி ஒன்றரை அடி நிக்கும், கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 1,350 லிட்டர். தார்பாலின் தொட்டியே போதும். புதுசா சிமெண்ட் தொட்டி கட்டுனீங்கன்னா அவசரப்பட்டு மீன விடாதீங்க, சிமெண்ட்ல இருந்து சுண்ணாம்பு எறங்கி பிஎச், அதாவது தண்ணியோட காரத்தன்ம அளவு, எகிறிப்போய் நிக்கும். தண்ணி நெரப்பி வாழத்தண்ட துண்டு துண்டா வெட்டிப் போட்டு ஒரு வாரம் விட்டு கொட்டுறது, மறுபடி நெரப்புறது, இப்படி ரெண்டு மூணு தடவ பண்ணி, டெஸ்ட் கிட்ல 8.5க்குக் கீழ வந்து நின்னாத்தான் நம்பணும்.

மெட்ரோ தண்ணியோ லாரித் தண்ணியோ, குளோரின் இருக்கும். ரெண்டு நாள் திறந்து வெச்சு ஏர் ஓடவிட்டா பெரும்பாலும் போயிரும், அவசரம்னா சோடியம் தயோசல்ஃபேட் போடலாம். இத மீன் கடைல "ஹைப்போ"ன்னு சொல்வாங்க, ஜாக்கிரதையா இருங்க, தர கழுவுற சாமான் விக்கிற கடைல போய் ஹைப்போன்னு கேட்டா சோடியம் ஹைப்போகுளோரைட்ட எடுத்துக் குடுப்பாங்க, அது பிளீச்சிங், நீங்க எத எடுக்கணும்னு பாக்குறீங்களோ அதையே ஊத்துறதா ஆயிரும். முழுப் பேரச் சொல்லி வாங்குங்க. போர் தண்ணின்னா குளோரின் பிரச்சன இல்ல, ஆனா பூமிக்குள்ள இருந்து வர்ற தண்ணில ஆக்சிஜன் கம்மி, ஷவர் மாதிரி உயரத்துல இருந்து விழவிட்டு ஒரு நாள் வெச்சுட்டு யூஸ் பண்ணுங்க.

ஃபில்டர் ஸ்பான்ஜ் ஃபில்டர் மட்டும்தான். மோட்டர் ஃபில்டர் போட்டா குஞ்செல்லாம் அதுக்குள்ள போயிரும். ஸ்பான்ஜ ஒரு மாசத்துக்கு முன்னாடியே பெரிய குளத்துல போட்டு ஓடவிட்டா அதுல மீன் கழிவ சிதைக்கிற பாக்டீரியா பிடிச்சு ரெடியா இருக்கும். கரண்ட் போனா பேட்டரில ஓடுற ஏர் பம்ப் ஒண்ணு கைல இருக்கட்டும்.

முட்ட ஒட்டுறதுக்கு ஏதாவது வேணும், கோய் முட்ட பசை மாதிரி, எதுல பட்டாலும் ஒட்டிக்கும். ஆகாயத்தாமர வேர், வேலம்பாசி எல்லாம் நல்லாத்தான் இருக்கும், ஆனா நத்தையும் பூச்சியும் கூடவே வரும். நான் பண்றது நைலான் கயிறு, ஒரு அடி ஒரு அடியா வெட்டி நுனியப் பிரிச்சுவிட்டு பாட்டில் கழுவுற பிரஷ் மாதிரி ஒரு பிவிசி பைப்ல வரிசையா கட்டி, கொதிக்கிற தண்ணில ஒரு தடவ முக்கி எடுத்துட்டுப் போடுவேன். வருஷக்கணக்கா அதே பிரஷ்தான்.

ஸ்டெப் 3: ஜோடி

பெண் மீன் ரெண்டு வயசாவது ஆயிருக்கணும், எட கிட்டத்தட்ட ஒரு கிலோ. நம்ம ஊரு சூட்டுல அதுக்கு முன்னாடியே செனை வந்துரும்தான், ஆனா சின்ன மீனோட முட்ட சரியா வராது. மேல இருந்து பாத்தா பெண்ணுக்கு வயிறு ரெண்டு பக்கமும் பிதுங்கி இருக்கும், ஆண் ஒல்லியா நேரா இருக்கும். சந்தேகமா இருந்தா ஆணோட செவுள் மூடியயும் பக்கத்து செட்டையயும் வெரலால தடவிப் பாருங்க, பருவத்துக்கு வந்த ஆணுக்கு உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும். பெண்ணுக்கு வழவழன்னு.

ஒரு பெண்ணுக்கு ரெண்டு ஆண். ஒரே ஆண்னா எல்லா முட்டைக்கும் பால் (ஆணோட விந்து) படாம போகலாம், மூணு நாலு விட்டா பெண்ண இடிச்சே கொன்னுரும், மெய்யாலுமே.

கலர் விஷயம். கோஹாக்குன்னா வெள்ளை ஒடம்புல செவப்பு, சாங்கேன்னா வெள்ளைல செவப்பும் கருப்புப் புள்ளியும், ஷோவான்னா கருப்பு ஒடம்புல செவப்பும் வெள்ளையும். மொதத் தடவ பண்றவங்க ஒரே வகைல ஜோடி போடுங்க. கலந்து கட்டி போட்டா பெரும்பாலும் சாம்பலும் பழுப்புமா வயக்காட்டுக் கெண்ட மாதிரிதான் வரும். காரணம் இருக்கு. கோய்னு தனியா ஒரு மீன் கெடையாது, அது கெண்டைதான். ஜப்பான்ல நீகாட்டா பக்கம் மலைக்கிராமத்துல, 1800கள்ல, பனிக்காலத்துல திங்கிறதுக்காக வயல் தண்ணிக் குட்டைல கெண்ட வளத்த விவசாயிங்க, எப்பவாவது கலரா பொறந்த குஞ்ச திங்காம எடுத்து வெச்சு வெச்சு கொண்டுவந்த மீனு இது. 1914ல டோக்கியோல ஒரு கண்காட்சில வெச்சதுக்கு அப்புறம்தான் வெளிய தெரிஞ்சுது. தலமொறை தலமொறையா கழிச்சு கழிச்சுக் கொண்டுவந்த கலரு, நாம கழிக்கிறத விட்டா அது பாட்டுக்கு பழைய கெண்டைக்கே திரும்பும்.

கடைல "ஜப்பான் இம்போர்ட்"னு சொல்லி எனக்கு ஒரு கோஹாக்கு வித்தாங்க. அதோட குஞ்சுல பாதி வெறும் ஆரஞ்சு. சென்னை கொளத்தூர் மாதிரி எடத்துல நம்ம ஊர்லயே பொரிச்சு வளத்த நல்ல மீன் கெடைக்கும், அத உள்ளூர்னு தெரிஞ்சே பாத்து எடுங்க, செவப்போட ஓரம் வெட்டி ஒட்டுன மாதிரி இருக்கணும், வெள்ளை மஞ்சளடிக்கக் கூடாது. வாங்குனத நேரா குளத்துல விடாதீங்க, மூணு நாலு வாரம் தனித் தொட்டி. கோய் ஹெர்பீஸ் வைரஸ்னு ஒண்ணு இருக்கு, 1998 வாக்குல இஸ்ரேல்ல பண்ணை பண்ணையா கொன்னது, மருந்தே கெடையாது.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே ஆணையும் பெண்ணையும் தனித்தனியா வெச்சு புரோட்டீன் ஜாஸ்தி இருக்குற தீனி குடுங்க. ஹார்மோன் ஊசி போட்டு முட்ட போடவைக்கிறது பண்ணைக்காரங்க வேல, நமக்கு வேண்டாம்.

ஸ்டெப் 4: அந்த விடியக்காலை

நேரம் எப்பன்னு கேட்டீங்கன்னா, சென்னைப் பக்கம் மழை விட்டு டிசம்பர் கடைசில இருந்து பிப்ரவரி வரைக்கும், தண்ணி 24, 26 டிகிரில நிக்கிறப்ப. ஜூலை ஆகஸ்ட்ல மழ பெஞ்சா அப்பவும் போடும். ஏப்ரல், மே ஆசப்படாதீங்க, சூட்டுத் தண்ணில ஆக்சிஜனே நிக்காது.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல மூணையும் விட்டு, பாதித் தண்ணிய புதுசா ஊத்தி, பிரஷ்ஷ எறக்கி, தொட்டி மேல வலைய இழுத்துக் கட்டிருங்க, கட்டாம விட்டா காலைல மீன் தரைல கெடக்கும். அன்னைக்கு ராத்திரி தீனி வேண்டாம். நாலு, நாலரை மணிக்கு சலார் சலார்னு சத்தம் கேக்கும், டார்ச் அடிக்காதீங்க, சும்மா நின்னு பாருங்க, ரெண்டு ஆணும் ரெண்டு பக்கமும் பெண்ண அணைச்சு தள்ளிட்டே போய் பிரஷ்ல கொண்டு முட்டும், பெண்ணு ஒடம்ப ஒரு ஒதறு ஒதறும், அந்த எடத்துல தண்ணி லேசா வெளுக்கும். விடிஞ்சு பாத்தா பிரஷ் பூரா கடுகு அளவுல கண்ணாடி மணி மாதிரி முட்ட. ரெண்டு நாள் காத்திருந்தும் போடலன்னா பிரிச்சுட்டு ஒரு வாரம் கழிச்சு மறுபடி விடுங்க.

போட்டு முடிச்சதும் பெரிய மீனுங்கள ஒடனே எடுத்துரணும், இல்லன்னா டிபனே அதான். பெண்ணுக்கு செதில் பேந்துருக்கும், லிட்டருக்கு 3 கிராம் உப்பு போட்ட தண்ணில ஒரு வாரம் தனியா விடுங்க.

இப்ப ஒரு கசப்பான கணக்கு. ஒரு கிலோ மீனு கிட்டத்தட்ட ஒரு லட்சம் முட்ட போடும். 1,350 லிட்டர்ல ஒரு லட்சம் குஞ்சு வளக்க முடியுமா? ஆயிரம் வளத்தாலே பெரிய விஷயம். அதனால நல்லா முட்ட ஒட்டியிருக்குற ரெண்டு பிரஷ்ஷ மட்டும் எடுத்து வெச்சுக்கிட்டு, மிச்சத்த பெரிய குளத்துல போட்டுருவேன், அங்க இருக்குறதுங்க காலி பண்ணிரும். மனசு கேக்காது. எனக்கும் கேக்கல, ஒரு வருஷம் எல்லாத்தயும் வெச்சேன், பதினஞ்சாம் நாள் கழிவுல இருந்து வர்ற அமோனியா ஏறி மொத்தமும் போச்சு.

ஸ்டெப் 5: முட்டையில இருந்து நீந்துற வரைக்கும்

முட்ட போட்ட தொட்டித் தண்ணி பால் கலந்து கெட்டுப்போயிருக்கும், அதனால பிரஷ்ஷ அதே சூட்டுல இருக்குற வேற தண்ணிக்கு மாத்துங்க, 300 லிட்டர் டப்பு போதும். பூஞ்சை பிடிக்காம இருக்க மெத்திலீன் புளூங்கிற மருந்த, தண்ணி லேசா நீலமா தெரியுற அளவுக்கு விடுங்க. ஸ்பான்ஜ் ஃபில்டர இதுல போடாதீங்க, மருந்துல அதோட பாக்டீரியா செத்துரும், வெறும் ஏர் ஸ்டோன் மட்டும். வெள்ளையா பஞ்சு மாதிரி ஆனது செத்த முட்ட, அதுல இருந்துதான் பூஞ்சை பக்கத்து முட்டைக்குப் பரவும், முடிஞ்ச வரைக்கும் இடுக்கியால எடுத்துருங்க. ரெண்டாம் நாள் நல்ல முட்டைக்குள்ள ரெண்டு கருப்புப் புள்ளி தெரியும். கண்ணு.

இந்த சூட்டுல ரெண்டு, மூணு நாள்ல பொரியும். பொரிஞ்ச குஞ்சு நீந்தாது, உதிர்ந்த கண்ணிமை முடி மாதிரி தொட்டிச் சொவுத்துல அங்கங்க ஒட்டிட்டு தொங்கும், செத்துப்போச்சோன்னு பயம் வரும். சாகல. வயித்துல இருக்குற மஞ்சக்கருவ தின்னுட்டு இருக்கு. இந்த ரெண்டு நாளும் ஒண்ணும் போடாதீங்க, ஒண்ணுமே. அப்புறம் ஒவ்வொண்ணா மேல வந்து ஒரு வாய் காத்த முழுங்கிட்டுப் போகும், அந்தக் காத்துலதான் அதோட காத்துப்பை நெரம்பி நேரா நீந்த ஆரம்பிக்கும். மேல எண்ணெய்ப் படலம் இருந்தா காத்து எடுக்க முடியாம செத்துரும், நியூஸ் பேப்பர தண்ணி மேல விரிச்சு இழுத்தீங்கன்னா படலம் அதோட வந்துரும்.

நீந்துன அன்னைக்கே சாப்பாடு. காலைல இன்ஃபியூசோரியா ரெண்டு டம்ளர். வேகவெச்ச கோழி முட்ட மஞ்சக்கருவும் குடுக்கலாம், மொச்சக்கொட்ட அளவு எடுத்து மெல்லிசு துணில வெச்சு தண்ணிக்குள்ள பெசைஞ்சு, அந்தப் பால் மாதிரித் தண்ணிய மட்டும். அதுக்கு மேல ஒரு சிட்டிக போட்டாலும் தண்ணி நாறிரும். ரெண்டாம் நாள்ல இருந்து ஆர்டீமியா, மொய்னாவ சலிச்சு சின்னது மட்டும். போட்டு அரை மணி நேரத்துல உத்துப் பாருங்க, குஞ்சோட வயிறு ஆரஞ்சு கலர்ல தெரியும், அது தெரிஞ்சா நிம்மதியா ஆபீஸ் போகலாம். கெண்ட ஜாதிக்கு இரப்பையே கெடையாது, சேத்து வெச்சு திங்கத் தெரியாது, அதனால கொஞ்சம் கொஞ்சமா ஒரு நாளைக்கு அஞ்சு தடவ.

இதுக்குள்ள முட்ட போட்ட தொட்டிய கழுவி, வேற தண்ணி நெரப்பி, ஸ்பான்ஜ் ஃபில்டர அதுல போட்டு ரெடியா வெச்சுருங்க, நீந்தி நாலஞ்சு நாள் ஆனதும் குஞ்ச அதுக்கு மாத்தணும். வலைல அள்ளக் கூடாது, மக்குல தண்ணியோட மொண்டு எடுக்கணும். தெனம் அஞ்சுல ஒரு பங்கு தண்ணி மாத்துங்க, டியூப் நுனில துணி கட்டித்தான் உறிஞ்சணும்.

தட்டான் புழு சொன்னேன்ல. தும்பி தண்ணில முட்ட போட்டுட்டுப் போயிரும், அதுல வர்ற புழு பழுப்பா, தூசு தும்பு மாதிரி அடில அசையாம கெடக்கும், குஞ்சு பக்கத்துல வந்தா தாடைய முன்னாடி நீட்டி ஒரே கவ்வு. ஒரு தடவ எண்ணிக்க கொறைஞ்சுட்டே வருது, செத்தது ஒண்ணும் மெதக்கல, என்னன்னே புரியல, தொட்டிய காலி பண்ணப்பதான் அடில பதினாலு புழு. கொசுவல போட்டு மூடுங்க, தீந்துச்சு.

ஸ்டெப் 6: கழிக்கிறது

ஷோவா போட்டிருந்தா பொரிஞ்ச மொத ரெண்டு மூணு நாள்லயே கருப்புக் குஞ்சு, வெளிர் குஞ்சுன்னு பிரியும், கருப்ப மட்டும் வெச்சுக்குவாங்க. கோஹாக்குக்கு ஒரு மாசம் ஒன்றரை மாசம் ஆகணும். வெள்ளை பேசின்ல நாலு விரக்கட தண்ணி விட்டு, அம்பது அம்பதா ஊத்தி, டீ ஸ்பூனால பிரிங்க. மொதச் சுத்துல கலரப் பாக்கவே பாக்காதீங்க, முதுகு வளைஞ்சது, வாய் கோணுனது, செவுள் மூடி கொறையா இருக்குறது, இத மட்டும் எடுங்க. மூணு வாரம் கழிச்சு ரெண்டாம் சுத்து, அப்ப முழு வெள்ளை, அழுக்கு ஆரஞ்சு, மூஞ்சி பூரா செவப்பு. எனக்கு ஆயிரத்துல கடைசியா நின்னது முப்பது சொச்சம், அது கொறச்சல்னு நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்னு, கூட்டத்துல ரெண்டு மூணு மட்டும் மத்தத விட ரெண்டு மடங்கு பெருசா இருக்கும். ஜப்பான்காரங்க அத டோபிம்பாங்க. சூப்பரா வளருதேன்னு சந்தோஷப்படாதீங்க, அது கூடப் பொறந்ததத் தின்னுதான் அப்படி வளந்துச்சு. தனியா எடுத்துருங்க.

கழிச்சத என்ன பண்றது? விரால் வளக்குறவங்க யாராவது இருந்தா சந்தோஷமா வாங்கிப்பாங்க. ஊனமா துடிக்கிறத கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணில விட்டா மயங்கி அப்படியே போயிரும். ஏரில, குளத்துல மட்டும் விட்டுராதீங்க, பாவம் பொழச்சுப் போகட்டும்னு நீங்க விடுறது அங்க அடிச்சேற கெளறி தண்ணிய கலக்கி, செடியப் புடுங்கி, அங்க இருக்குற நம்ம ஊரு மீனு பொழப்ப கெடுக்கும்.

மூணு வாரத்துல இருந்தே நல்லா பொடிச்ச பெல்லட்டுக்குப் பழக்கிட்டு வாங்க. மூணு இஞ்ச் தாண்டுனதும் பெரிய குளத்துல விடலாம், பெரிய மீன் வாய்க்குள்ள போகாத சைஸ் அது. ஆனா மடையானுக்கும் மீன்கொத்திக்கும் அதுதான் சரியான சைஸு, அதுலயும் வெள்ளையும் செவப்புமா மினுக்கிட்டு இருக்குறது மொட்டமாடி செவுத்துல இருந்து பாத்தாலே தெரியும். எங்க வீட்டுக் குளத்து மேல இன்னும் வல கட்டித்தான் இருக்கு, அரை அடி ஆகுற வரைக்கும் கழட்டப் போறதில்ல.